அந்தக் கட்டத்துக்குள் எங்கள் அம்மா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் 12 உலக நிமோனியா நாள் என்று அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் நடுவில் ஒரு கட்டம் கட்டி, 'அறிகுறிகள்: காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், சளி, நெஞ்சுவலி' என்று போட்டு, இவை இருந்தால் டாக்டரைப் பார்க்கவும் என்று முடித்திருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன வருஷம் கார்த்திகையில் எங்கள் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது இந்த ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது. கிடையாது என்பதால்தான் நாங்கள் ஆறு நாளைக் கோட்டை விட்டோம்.

நான் வீரவநல்லூர்ப் பக்கம் 36 வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. அதனால் கீழே எழுதுகிறதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, பாதி நர்ஸாக வேலை பார்க்கும் என் தங்கச்சி மகள் சொல்லிக் கொடுத்தது. கடிதம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதாக இருந்தால் என் கதையை வெட்டுங்கள், மூச்சு எண்ணுகிற இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 79 வயது. மூட்டுவலி உண்டு, அதற்கு மாத்திரை போடுவாள், மற்றபடி சீக்கென்று படுத்ததில்லை. அன்றைக்கு விடியக்காலம் வாசல் தெளித்துக் கோலம் போடப் போனவள், புள்ளி வைத்து நாலு இழை இழுத்துவிட்டு, கோலமாவுச் சிரட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். அடுத்த இழை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அறுபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கோலம் அது. "என்னம்மா?" என்றேன். திரும்பிப் பார்த்து, "மாமா, காப்பி குடிச்சாச்சா?" என்றாள். மாமா என்றால் அவளுடைய மாமனார், எங்கள் தாத்தா. அவர் போய் 40 வருஷம் ஆகிறது.

அன்று முழுக்க ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. ராத்திரி எழுந்து, எப்பவோ மூடின ரைஸ்மில்லுக்கு நெல் அவித்து அனுப்ப வேண்டும் என்று கடவத்தைத் தேடி, ரெண்டாங்கட்டுப் படியில் விழுந்தாள். தெர்மாமீட்டர் வைத்தேன், 97.6. இருமல் இல்லை. "நெஞ்சு வலிக்காம்மா?" என்று கேட்டால், "எனக்கு என்னல வலி" என்கிறாள். சரி, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி. அப்போது உங்கள் கட்டம் என் கையில் இருந்திருந்தால் நிம்மதி இன்னும் கூடியிருக்கும்!

வளவில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். "அறளை பேந்துட்டு போலிருக்கு, வயசாயிட்டுல்லா" என்றார்கள். வயசால் புத்தி தடுமாறுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு மயினி திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்தாள். சென்னையில் இருக்கிற என் அக்கா போனில், "லேய், சோடியம் கொறஞ்சிருக்கும், போய் உடனே பாரு" என்றாள். இப்போது வயசானவர்கள் லேசாகத் தடுமாறினாலே சோடியம்தான் என்று வீட்டுக்கு வீடு தெரிந்து வைத்திருக்கிறோம், அதுவும் ஒரு வகையில் முன்னேற்றம்தான். ஆனால் அதிலேயே ஒரு குழி இருக்கிறது, அதில்தான் நாங்கள் விழுந்தோம்.

ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், பெயர் வேண்டாம். பக்கவாதமா என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்தார்கள். சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது, 122. "பார்த்தீங்களா, இதுதான்" என்று உப்புத் தண்ணீர் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்து, 129 வந்ததும் அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்த ஆளை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னது பலித்த சந்தோஷத்தில் நானும் ஒன்றும் கேட்கவில்லை. சோடியம் ஏன் குறைந்தது என்ற கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

அது ஏன் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நுரையீரலில் கடுமையான தொற்று இருந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் கூடிப்போய், சிறுநீரில் போக வேண்டிய தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திவிடுமாம். ரத்தம் நீர்த்துப் போகும். சாம்பாரில் போட்ட உப்பு அப்படியே கிடக்கிறது, எவனோ ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டான் என்ற கதை. அதிலும் லெஜியனெல்லா என்று ஒரு கிருமி இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் கொத்துக் கொத்தாய் நோயில் விழ, மாதக்கணக்கில் தேடி அடுத்த ஜனவரியில் அறிவித்த கிருமி. அந்த நிமோனியாவில் சோடியம் குறைவது, புத்தி தடுமாறுவது, வயிற்றால் போவது எல்லாம் சாதாரணமாம். வயிற்றால் போகிறவனைப் பார்த்து எந்த வீட்டில் நுரையீரலை நினைப்பார்கள்?

வீட்டுக்கு வந்த மறுநாள் தங்கச்சி மகள் ஆச்சியைப் பார்க்க வந்தாள். பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் மேஜையில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை. ஆச்சியின் வயிற்றையும் தன் கை வாட்ச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் நான் பக்கத்தில் நின்று, இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பராக்குப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னைத் தார்சாவுக்குக் கூட்டிப்போய், "மாமா, மூச்சு 34 இருக்கு. கொரோனா சமயத்துல வாங்கின கிளிப் எங்க?" என்றாள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற அந்தக் கிளிப் பீரோவில் இருந்தது. 2021 மே மாதம் ஆளாளுக்கு அடித்துப் பிடித்து வாங்கினோமே, அதுதான். பேட்டரி செத்துக் கிடந்தது. டிவி ரிமோட்டில் இருந்து உருவிப் போட்டோம். 86 காட்டியது. விரல் குளிர்ந்திருந்தால், நகத்தில் சாயம் இருந்தால் தப்பாகக் காட்டும் என்று அம்மா விரலைத் தேய்த்துச் சூடேற்றி மறுபடி போட்டாள். 85. அம்மா பாட்டுக்கு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறாள். கொரோனா ரெண்டாவது அலையில் ஆக்சிஜன் இறங்கியது தெரியாமலே பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரெனச் சரிந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்தோம், மறந்தும் விட்டோம்.

பாளையங்கோட்டைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாகக் கிடந்தது. அதோடு போகவில்லை, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் நீர் கோத்து, அது சீழாக மாற ஆரம்பித்திருந்தது. ஆரம்பத்திலேயே மருந்து போயிருந்தால் அந்த அளவுக்கு வந்திருக்காது என்று டாக்டர் பட்டும் படாமலும் சொன்னார். விலாவில் ஓட்டை போட்டு டியூப் வைத்தார்கள். டியூபின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருக்கும். அம்மா மூச்சை இழுக்கும்போது டியூபுக்குள் தண்ணீர் ஏறும், விடும்போது இறங்கும். ஒன்பது நாள் தரையில் பாய் விரித்துப் படுத்து அந்தத் தண்ணீர் ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு எண்ணுவதற்கு எனக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஒரு வேடிக்கை, ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள்தான் அம்மாவுக்கு முதல்முதலாகக் காய்ச்சலே வந்தது. வாய் ஓரத்தில் கொத்தாகக் கொப்புளமும் வந்தது. பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று நான் மஞ்சள் தேடினேன், அது நிமோனியாவோடு கிளம்புகிற கொப்புளம்தான் என்று நர்சம்மா சொன்னார். முதலில் ஏன் காய்ச்சல் இல்லை என்று கேட்டதற்கு, வயசானவர்கள் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், கிருமியோடு சண்டை போட்டுச் சூடு ஏற்றுகிற தெம்பும் குறைந்துவிடும், போதாததற்கு மூட்டுவலிக்குப் போடுகிற மாத்திரையிலேயே காய்ச்சல் மாத்திரையும் சேர்ந்திருக்கும், அது இருக்கிற சூட்டையும் அமுக்கிவிடும் என்றார்கள். இருமலும் அப்படித்தான். இருமுவதற்குத் தெம்பு வேண்டாமா? அப்போ நோய் எதில் தெரியும் என்றால், அந்த உடம்பில் எது ஏற்கெனவே நலிந்திருக்கிறதோ அதில் தெரியுமாம். சிலருக்குப் புத்தி, சிலருக்குக் கால் தடுமாறி விழுவது, சிலருக்குத் துணியிலேயே ஒன்றுக்குப் போய்விடுவது, சிலருக்குச் சோறு வேண்டாம் என்று கையைத் தட்டிவிடுவது. அதுவும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வராது. ஒன்றிரண்டு நாளில் ஆளே மாறிப்போவார்கள். அறளை பேர்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வேகம்தான்.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலத்தில், மாசா மாசம் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து கைநாட்டு வாங்கிப் பணம் எண்ணிக் கொடுத்தவன் நான். அடுத்த மாசம் போனால், "ஆச்சி போயிட்டாவ தம்பி. சீக்கு ஒண்ணுமில்ல, நாலு நாளா ஒரு மாதிரி பேசுனாவ, சோறு எறங்கல, போயிட்டாவ" என்பார்கள். நானும் மணியார்டர் பாரத்தில் 'பெறுபவர் காலமானார்' என்று எழுதித் திருப்பிவிடுவேன். எத்தனை பாரம் எழுதியிருப்பேன்! அத்தனையும் நிமோனியா என்று சொல்ல வரவில்லை, ஆனால் எத்தனை ஆச்சிகளுக்கு ஒரு நிமிஷம் மூச்சு எண்ண ஆள் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு, நினைவு தப்பியவர்களை மல்லாக்கப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றுவோம், அது நேரே நுரையீரலுக்குப் போகும். கடைசிப் பால் ஊற்றுகிற கட்டத்தை நாமே கொஞ்சம் முன்னால் கொண்டுவந்துவிடுகிறோம்.

சின்னப் பிள்ளைகளிடம் இது வேறு வேஷம் போடும். எங்கள் வளவிலேயே ஆறு வயதுப் பையன் வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்தான். வலது பக்கம், ரெண்டு வாந்தி, லேசாய்க் காய்ச்சல். அப்பண்டிஸ்தான், இன்றைக்கே ஆபரேஷன் என்று அவன் அப்பா பணத்துக்கு அலைய ஆரம்பித்துவிட்டார். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா குடல்வாலில் ஒன்றும் காணோம் என்று கருவியை வைத்துவிட்டு, பையனின் மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து விரிந்து அடங்குவதைப் பார்த்து, "நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்க" என்றார். வலது நுரையீரல் அடியில் நிமோனியா. வயிறு சுத்தம். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதிக்குப் போகிற அதே நரம்புகள்தான் வயிற்றுச் சுவருக்கும் வருகின்றன, அதனால் மேலே தீ பிடித்தால் புகை கீழே தெரியும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தடுப்பாக இருக்கிற உதரவிதானம் எரிச்சல்பட்டால் வலி தோள்பட்டையில் போய் நிற்கும், சிலருக்கு நாள்கணக்கில் விக்கல் நிற்காது. தோள்வலிக்கு எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்கிற ஆட்களில் ஒருவருக்காவது இது இருக்கலாம், நீவுவதை நான் குறை சொல்லவில்லை, மூச்சையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியா. கிருமி இல்லாத நிமோனியா, ஆன்டிபயாட்டிக் எதற்கும் மசியாது. ஆச்சிமார் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அப்புறம் களக்காட்டில் என் சகலை. வாழைத்தோட்டத்தில் புதர் வெட்டியவர், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, இளைப்பு. எக்ஸ்ரேயில் ரெண்டு நுரையீரலிலும் புகை மாதிரி. நிமோனியா என்று ஊசி போட்டார்கள், நாலு நாளாகியும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் அரைஞாண் கயிற்றைத் தளர்த்திப் பார்த்தார். கயிற்றுக்கு அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி, வலியே இல்லாத ஒரு கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்களே அது. புதரில் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. பென்சிலின் வகை ஊசிகள் அதற்குக் கேட்காது, டாக்சிசைக்ளின் என்கிற மலிவான மாத்திரை கேட்கும். ரெண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மலையடிவாரத்திலும் வயல்காட்டிலும் வேலை பார்க்கிறவர்கள் நிமோனியா என்று போனால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குக் கூச்சம், டாக்டருக்கு அவசரம், நடுவில் பொருக்கு ஒளிந்துகொள்ளும்.

இருதயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமோனியா தீர்ந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் என் பெரியப்பா மகனுக்கு மாரடைப்பு வந்தது. தெய்வக்குத்தம் என்றார்கள். தெய்வம் பாவம். நிமோனியா வந்த நாளிலிருந்து சில வாரங்கள் வரை மாரடைப்புக்கும் துடிப்பு தாறுமாறாவதற்கும் வாய்ப்பு கூடுதல், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். டிஸ்சார்ஜ் ஆனதும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பீடி குடிக்கிறவர்கள், ஐம்பது தாண்டியவர்கள் ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார், நிமோனியா மறைந்த இடத்தில் வேறு ஏதாவது ஒளிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

சரி, மூச்சு எண்ணுவது. வாட்ச் போதும், போனிலும் நொடி ஓடுகிறது. ஆள் அமைதியாகக் கிடக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, நெஞ்சோ வயிறோ ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனம் வேண்டாம். 'எண்ணப் போறேன்' என்று சொல்லிவிட்டு எண்ணாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும், அதனால்தான் அந்தப் பிள்ளை ஆச்சி கையைச் சும்மா பிடித்தது போல் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் யோசிக்காமல் காட்டுங்கள், 30 வந்துவிட்டால் ஆஸ்பத்திரிதான், அதோடு பேச்சும் தடுமாறினால் வண்டியைப் பிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகம் என்று அர்த்தம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் பத்திரிகை மூலம் அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவுக்கும் ஒரு அம்மா வருகிறார், பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அதே கையோடு எழுபது தாண்டியவர்களுக்கு ஒரு நிமிஷம் மூச்சு எண்ணி, விரலில் கிளிப்பும் போட்டுப் பார்த்தால் என்ன? வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்க, ஆச்சியும் தாத்தாவும் தனியாகக் கிடக்கிற தெருக்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று தபால்காரனிடம் கேளுங்கள். தடுப்பூசியும் அப்படித்தான். குழந்தைகளுக்கு நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி 2021-லிருந்து ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒன்பது மாசம் என்று மூன்று தவணை இலவசமாகப் போடுகிறார்கள், அருமையான காரியம். பெரியவர்களுக்கு நம் கைக்காசு போட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கில். முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகப் போடலாம்.

அடுத்த வருஷம் நவம்பர் 12-க்கும் நீங்கள் கட்டம் கட்டுவீர்கள். காய்ச்சலும் இருமலும் இருக்கட்டும், எடுக்கச் சொல்லவில்லை. மேலே முதல் வரியாக, 'வயசானவர் ரெண்டு நாளில் ஆளே மாறிவிட்டாரா? மூச்சை எண்ணுங்கள்' என்று போடுங்கள்.

அம்மா இப்போது தேறிவிட்டாள். வலது விலாவில் பழைய நாலணா அளவுக்குத் தழும்பு இருக்கிறது. கோலம் பழையபடி விடிவதற்கு முன்னால் விழுகிறது. அந்த ஆறு நாள் மட்டும் அவளுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இந்தக் கடிதத்தைத் தார்சாவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன், கோலத்துக் கதை வந்ததும் எழுந்துவிட்டாள். "நான் எப்பல ஒன்ன மாமான்னு கூப்பிட்டேன்? பேப்பர்ல போடுததுன்னா உள்ளத எழுதுல" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வீரவநல்லூர்.